ரியால்ட்டோவுக்கு அடியில்

வெனிஸின் ரியால்ட்டோ பாலத்தைப் பார்ப்பவர்கள் அதன் வெள்ளைக் கல்லையும், ஒரே வீச்சில் கால்வாயைத் தாண்டும் வளைவையும் புகழ்வார்கள். புகழத் தகுந்தவைதான். ஆனால் எனக்கு அதில் மிகவும் பிடித்த பகுதி கண்ணுக்குத் தெரியாது: கரைக்கு ஏறத்தாழ 6,000 வீதம் சேற்றுக்குள் இறக்கிய மரமுளைகள்.

பாறையைத் தேடி ஆழம் போகும் வேலை அல்ல இது. முளைகள் அதிக நீளமானவை அல்ல. சூட்சுமம் நெருக்கத்தில் இருக்கிறது. உள்ளே இறங்கும் ஒவ்வொரு முளையும் தன் பருமன் அளவுக்குச் சேற்றை விலக்குகிறது. அடுத்த முளை அதை மேலும் இறுக்குகிறது. முடிவில் மண்ணும் மரமும் சேர்ந்து பாரம் தாங்குகின்றன. கனத்த கட்டையைத் தூக்கிப் போட்டு முளை அடித்தவர்கள், கைகள் ஒன்றாக எழுந்து இறங்குவதற்காகப் பாடிக்கொண்டே அடித்தார்கள்.

பிறகு முளைத் தலைகளைத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே சமமாக அறுத்து, லார்ச் மரப் பலகைகளைத் தெப்பம்போல் பரப்பி, அதன்மேல் கட்டுமானத்தை எழுப்புவார்கள். தண்ணீருக்குக் கீழே என்பதில்தான் மேதைமை. காற்றில்லாத சேற்றில் மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சை பிழைக்காது. மரம் கல்லாகிவிட்டது என்று பலரும் சொல்வது சரியல்ல. அது மரமாகவே இருக்கிறது. பாக்டீரியா அரிக்கத்தான் செய்கிறது, ஆனால் நூற்றாண்டுக் கணக்கில் மெல்ல.

1588-இல் ரியால்ட்டோ வேலையைத் தொடங்கிய அந்தோனியோ டா போந்தேவுக்கு இன்னொரு சிக்கல். வளைவு கரைகளைப் பக்கவாட்டில் உதைக்கும். அவர் அஸ்திவாரத்தைக் கரைப்பக்கம் ஏறும் படிகளாக அமைத்து, அந்த உதைப்பை எதிர்கொள்ளும்படி கல்வரிசைகளைச் சாய்த்து வைத்தார். அண்டை வீடுகளின் அடிமண்ணும் இதனால் தப்பியது. நிற்குமா என்று அன்றே சந்தேகம் கிளம்பி விசாரணைகூட நடந்தது. 1591-இல் முடிந்த பாலம் இன்றும் நிற்கிறது. படிகளும் சாய்வுமான அந்த அமைப்பு, என் கண்ணில் மேலே உள்ள வளைவைவிட அழகு.

மரமுளைகளின் கதை ரியால்ட்டோவோடு முடியவில்லை. 1902-இல் வெனிஸின் சான் மார்க்கோ மணிக்கோபுரம் இடிந்து விழுந்தது. பழுது செங்கல் சுவரில்; அடியிலிருந்த பழைய முளைகள் உறுதியாகவே இருந்தன. சிமென்ட் புழக்கத்துக்கு வந்துவிட்ட காலம் அது. என்றாலும் பழைய அஸ்திவாரத்தைக் கருவாக வைத்துக்கொண்டு, சுற்றிலும் 3,000-க்கு மேற்பட்ட லார்ச் முளைகளை அடித்து அகலப்படுத்தினார்கள். 1912-இல் திறந்த கோபுரத்தைத் தாங்குவதும் மரமுளைகளே.