புறநானூற்றில் கருச்சிதைவும் கழுவாயும்

பிறவாத உயிர்க்கு உரிமை உண்டா என்னும் வழக்கு, அமெரிக்க நாட்டு உச்ச நீதிமன்றம் தன் 1973ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2022இல் தானே மாற்றிய பின்னர் மீண்டும் எங்கும் எழுந்துள்ளது. நம் உச்ச நீதிமன்றமும் 2023 அக்டோபரில், 26 வாரம் கடந்த கருவைக் கலைக்க வேண்டிய தாயொருத்திக்கு முதலில் இசைவளித்துப் பின்னர் மறுத்தது. இவ்வழக்குப் பேசப்படும் தமிழ் மேடைகளில் சான்றாக எடுத்துக்காட்டப்பெறுவது புறநானூற்றின் 34ஆம் பாட்டு. கருவைச் சிதைத்த பெண்ணைப் பண்டைத் தமிழர் பாவி என்றனர் என்பது அதற்குக் கூறப்படும் பொருள். அப்பொருள் பாட்டில் உண்டா என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

சோழன் குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவனை ஆலத்தூர் கிழார் பாடியது இப்பாட்டு. ஆவின் மடியை அறுத்தார்க்கும், அணிபூண்ட மகளிரின் கருவைச் சிதைத்தார்க்கும், பார்ப்பார்க்குக் கொடுமை செய்தார்க்கும் கழுவாய் உண்டு. செய்ந்நன்றி கொன்றார்க்கு உய்வில்லை என அறநூல் கூறிற்று என்பது கருத்து. (பார்ப்பாரைக் கூறுமிடத்தில் குரவரைக் கூறும் பாடமும் உண்டு.) நன்றியின் பெருமையை அளக்கும் கோலாகவே கருச்சிதைவு இங்கு வந்தது. கோலாக நிறுத்தத்தக்க கொடுமையாக அது கருதப்பட்டது என்பது ஒருதலை. பரிமேலழகரும் 110ஆம் குறளின் உரையில், பேரறங்களைச் சிதைத்தலுக்கு இதனையும் எடுத்துக்காட்டினார். ஆதலின் சங்கத் தமிழர் கருவைப் பொருட்படுத்திலர் என்பாரும் பாட்டைப் படித்தவராகார்.

ஆயின் சிதைத்தவர் யார்? மகளிர் என்பது கருவொடு ஆறாம் வேற்றுமைத் தொகையாய் இயைந்து, மகளிரது கரு எனப் பொருள்படுகின்றது. மகளிரே வினைமுதல் என்பதற்குப் பாட்டில் சொல் இல்லை. முன்னும் பின்னும் நிற்பனவும் இதனையே வலியுறுத்தும். ஆ தன் மடியைத் தானே அறுத்துக்கொள்வதில்லை. பார்ப்பார் தமக்குத் தாமே கொடுமை செய்வதுமில்லை. மூன்றிடத்தும் புறத்தே நின்றான் ஒருவன் காவலற்ற உடம்பின்மேல் செய்யும் கொடுமையே பேசப்படுகின்றது. மகளிரை அணியால் சுட்டிய புலவர், அதே பாட்டில் அரசனையும் அணிபூண்டாள் கணவன் என்றே விளிக்கின்றார். கேட்கும் அரசன் தன் மனையாளை நினைந்து அக்கொடுமையை உணர வேண்டும் என்பது குறிப்பாதல் கூடும். மகளிர் தாமே சிதைத்தலும் இதனுள் அடங்காதோ எனின், பாட்டு அதனை விலக்கவில்லை என்பது உண்மை. விலக்காமை வேறு, கூறுதல் வேறு.

பெண்ணையே குற்றவாளியாக்கும் நூல்கள் பிற. கருவழித்தலை மகளிரை வீழ்த்தும் பாதகங்களுள் ஒன்றாக யாக்ஞவல்கிய ஸ்மிருதி எண்ணுகின்றது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 312ஆம் பிரிவு, தன் கருவைத் தானே சிதைக்கும் பெண்ணையும் வெளிப்படையாக உட்படுத்தியது. 1971ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவர் வழியே விலக்கு அளித்தது. எனினும் 2023ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தொகுப்பின் 88ஆம் பிரிவில் அப்பழைய விளக்கம் அவ்வாறே நிற்கின்றது. இவற்றில் பழகிய கண்ணே ஆலத்தூர் கிழாரின் சொல்லில் பெண்ணின் குற்றத்தைக் காண்கின்றது. காவிரி நாட்டுத் திருக்கருகாவூர்த் தல வரலாற்றிலும் கருவைச் சிதைப்பது முனிவன் சாபமே. காக்குமாறு இறைவியை இரப்பவளே தாய்.

கரு ஆளே என்பதற்கு 74ஆம் பாட்டைக் காட்டுவாரும் உளர். சோழன் செங்கணானால் குடவாயிற் கோட்டத்தில் சிறைப்பட்ட சேரமான் கணைக்காலிரும்பொறை பாடியது அது. இறந்த குழவியையும், பிறந்த ஊன்தடியையும் ஆள் அன்று எனத் தள்ளாது வாளால் வடுப்படுத்தும் வழக்கம் அதில் கூறப்படுகின்றது. அது பிறந்த பின் செய்யும் சடங்கு. காப்பது குடியின் மானத்தை, குழவியின் உரிமையை அன்று. நீர் இரந்த நாணத்தால் உயிர்விட்ட அரசன் வாயில் அது வருவதன் காரணமும் இதுவே.

அச்செங்கணானே கோச்செங்கட் சோழ நாயனார் என்பது மரபு. அவர் பிறப்பைப் பெரியபுராணம் கூறுமிடம் இவ்வாராய்ச்சிக்கு மிக இன்றியமையாதது. மேடைகள் அதனைத் தொடுவதில்லை. ஒரு நாழிகை கழித்துப் பிறப்பின் மகன் உலகாள்வான் என்று கணிதர் கூறக் கேட்ட கமலவதி, தன் காலைப் பிணித்து மேலே தூக்குமாறு தானே பணிக்கின்றாள். மகன் சிவந்த கண்ணொடு பிறக்கின்றான். அவள் அவனை அழைத்து உயிர் நீக்கின்றாள். தாயுயிரும் சேயுயிரும் எதிரெதிர் நின்ற அந்நாழிகையில், முடிவைக் கணிதர் வாயிலோ அரசன் வாயிலோ சேக்கிழார் வைத்திலர். இதனைத் தாய்மையின் கடமை என்று வகுப்பில் விளக்குதல் உண்டு. கடமையாயின் பிறர் அவளைப் பிணித்திருப்பர். அவள் சொல் வேண்டப்பட்டிராது. 34ஆம் பாட்டின் மகளிர் பெயரின்றி, பேச்சின்றி நிற்கின்றனர்; இங்கோ பெயரும் சொல்லும் கருவுற்றாளுடையன.