'நைன்த் ஹவுஸ்': கல்விக்கூடத்தின் இருள்
பழம்பெரும் கல்விக்கூடங்களின் அழகையும் அவற்றுள் மறைந்திருக்கும் குற்றத்தையும் ஒருசேரக் காட்டும் புனைவுவகை 'டார்க் அகாடமியா' எனப்படுகிறது. இவ்வகையில் லீ பார்டுகோ, தாம் பயின்ற யேல் பல்கலைக்கழகத்தைக் களமாக்கி 2019இல் வெளியிட்ட 'நைன்த் ஹவுஸ்' நாவலில், அங்கு உண்மையிலேயே 1832இல் தோன்றிய 'ஸ்கல் அண்ட் போன்ஸ்' என்னும் மாணவர் இரகசியச் சங்கத்தார், உயிருள்ள ஒருவனின் குடலை ஆராய்ந்து பங்குச்சந்தையின் போக்கைக் கணிப்பதாகப் புனைந்துள்ளார். செல்வர்களின் ஆதாயத்துக்காக அங்கே கிடத்தப்படுபவன் மருத்துவமனையிலிருந்து கொண்டுவரப்பட்ட மனநோயாளி என்று அறியும்போது வாசகர் நெஞ்சம் பதறுகிறது. நாவலின் அறச்சினம் முழுவதும் அவ்வொரு காட்சியிலேயே திரண்டு நிற்கிறது எனலாம். காலவரிசை முன்பின்னாக மாறுவது தொடக்கத்தில் சற்றே தடுமாறச் செய்யினும், ஆவிகளைக் காணவல்ல நாயகி அலெக்ஸ் ஸ்டெர்ன், சாவை நினைவூட்டும் சொற்களை ஓதி அவ்வாவிகளை விரட்டுவதும், இறந்தோரும் இறப்பை அஞ்சுவதும் மிக நுட்பமான, பெரிதும் பாராட்டத்தக்க கற்பனை.