அமுதசுரபியும் அறச் சட்டமும்

மணிமேகலையை வகுப்பில் பயிற்றுவோர் பெரும்பாலும் அமுதசுரபியின் வற்றாத வளத்தையே எடுத்துரைப்பர். சாத்தனாரின் கருத்தோ அவ்வளவில் நிற்பதன்று. 'பாத்திர மரபு கூறிய காதை'யை ஊன்றிப் படிப்பார்க்கு, வற்றாத கலமும் பயனற்றுப் போகக்கூடும் என்னும் உண்மை விளங்கும்.

சிந்தாதேவி ஈந்த கலத்தால் ஆபுத்திரன் மதுரையில் பசித்தோரை ஊட்டினான். வரங் கொடுக்க வந்த இந்திரனை அவன் பொருட்படுத்தவில்லை. வெகுண்ட இந்திரன் பாண்டிநாட்டில் மழை பெய்வித்தான், விளைவு பெருகிற்று, உண்பாரின்றிக் கலம் வறிதே இருந்தது. பசித்தோரை நாடிச் சாவகத்திற்குக் கப்பலேறியவன், ஆளில்லாத மணிபல்லவத்தில் தனித்து விடப்பட்டான். ஆங்கு அவன் செய்தது யாது? கலத்தைக் கோமுகிப் பொய்கையில் இட்டான். ஆண்டிற்கு ஒருநாள் மேலே தோன்றுக என்றான். உயிர்களை ஓம்பும் அருளுடையார் வரின் அவர் கையிற் சேர்க என்றான். பாதுகாப்பான இடம், ஆண்டுக்கொரு முறை வெளிப்படுதல், தகுதியுள்ள கை ஆகிய இம்மூன்றும் கொடையாளன் மறைந்த பின்னும் கொடையின் நோக்கத்தைக் காத்தன. இஃது அற்புதக் கதை மட்டுமன்று. அறக்கட்டளையின் இலக்கணமும் ஆகும்.

இவ்விலக்கணம் அமையாத கொடையின் நிலையைப் பேராக் மாநிலத்துப் பால்மரத் தோட்டங்களில் காணலாம். தோட்டப் பள்ளியின் கட்டடத்திற்குத் தொழிலாளர் தம் கூலியிலிருந்து கொடுத்தனர், நிலமோ தோட்டத்தினுடையது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும், செம்பனைக்கும் வீடமைப்பிற்கும் மாறியும், மக்கள் ஈப்போ போன்ற நகரங்களுக்குப் பெயர்ந்தபோது பிள்ளைகள் குறைந்தனர். கலம் இருந்தது, உண்பார் இல்லை. அதே தொழிலாளர், சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் சம்பந்தன் 1960இல் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்திலும் பணம் சேர்த்தனர். அப்பணத்திற்குப் பங்கேடும் வாக்குரிமையும் இருந்தன. பள்ளிக்கு ஈந்த பணத்திற்கோ நன்கொடைப் பட்டியல் ஒன்றே எஞ்சியது.

மலேசியாவில் அறக்கொடைக்கென்றே தனிச் சட்டமோ ஆணையமோ இல்லை. சங்கமாயின் 1966ஆம் ஆண்டுச் சட்டம். பதிவுபெற்ற அறங்காவலராயின் 1952ஆம் ஆண்டுச் சட்டம். வரிக்கழிவுக்கு 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 44(6)ஆம் பிரிவு. வரி செலுத்தும் வருவாய் இல்லாத தொழிலாளிக்கு அக்கழிவால் பயனில்லை. பொது அறப்பணம் நெறி தவறினால், 1956ஆம் ஆண்டு அரசாங்க வழக்கு நடவடிக்கைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி, சட்டத்துறைத் தலைவரோ, அவரது எழுத்துவழி இசைவைப் பெற்ற, தொடர்புடைய இருவரோ வழக்கிடலாம். உரிமை உண்டு, ஆயினும் பத்து வெள்ளி ஈந்தவர் அவ்வழியில் செல்லுதல் எளிதன்று.

இங்கிலாந்தில் 1853 முதல் அறக்கொடை ஆணையம் இயங்குகின்றது. சிங்கப்பூரில் அறக்கொடை ஆணையர் உள்ளார். ஆண்டுக் கணக்கு ஒப்புவித்தலும், முதல் நோக்கம் நிறைவேறாதவிடத்து அதனையொத்த நோக்கத்திற்குப் பொருளை மாற்றுதலும் ஆங்கே முறைப்படி நடைபெறுகின்றன. மூடிய பள்ளியின் நிதி மற்றொரு தமிழ்ப்பள்ளியைச் சேர இத்தகைய எளிய வழியே வேண்டப்படுவது.

சட்டம் மிகுந்தால் ஈகை குன்றும் என்பாரும் உளர். பெருஞ்சுமையான சட்டம் சிறு குழுக்களை நலிவிக்கும் என்பது மெய்யே; ஆதலின் சிறு நிதிக்குச் சிறு விதி போதும். ஆனால் விதியே வேண்டா என்பது பொருந்தாது. ஆபுத்திரன் விதித்த விதி ஈகையைத் தடுக்கவில்லை. அவ்விதியினாலன்றோ கலம் மணிமேகலையின் கையை அடைந்தது? காப்பியத்தில் ஒரு கோமுகி இருந்தது. தொழிலாளியின் வெள்ளிக்கும் அத்தகைய பொய்கை ஒன்றைச் சட்டம் அமைத்தல் வேண்டும்.