ஒதுக்கப்பட்டோரின் தாயகம்: அட்டிலன் முதல் கிராக்கோவா வரை

ஸ்டான் லீயும் ஜாக் கிர்பியும் 1963இல் உருவாக்கிய எக்ஸ்-மென் காமிக்ஸ் வரிசையின் நாயகர்கள் 'மியூட்டன்ட்'கள். இவர்கள் விபத்தாலோ ஆய்வுக்கூடச் சோதனையாலோ ஆற்றல் பெற்றவர்கள் அல்லர். மரபணு மாற்றத்தோடு பிறந்தவர்கள். ஊர் ஸ்பைடர்மேனைத் திட்டினாலும், முகமூடியைக் கழற்றிவிட்டால் அவர் கூட்டத்தில் ஒருவர். மியூட்டன்ட்டுக்குக் கழற்றுவதற்கு முகமூடி கிடையாது. ஆகவே இந்த வரிசையில் ஒரு கேள்வி தலைமுறை தலைமுறையாகத் திரும்ப வருகிறது: மனிதரோடு கலந்து வாழ்வதா, தனித் தாயகம் கண்டு பிரிந்துபோவதா? முதல் வழியைப் பேராசிரியர் சேவியரும் இரண்டாவதை மேக்னீட்டோவும் பேசினார்கள்.

மார்வெல் நிறுவனத்தின் கதைகளில் இப்படிப்பட்ட தாயகங்கள் பல எழுந்து வீழ்ந்துள்ளன. இவற்றை ஒப்பிடுவோர் பெரும்பாலும் எது வலிமையானது, எது அதிக நாள் நீடித்தது என்று பார்க்கிறார்கள். அதைவிடப் பயனுள்ள கேள்விகள் இரண்டு உண்டு. அந்த நிலம் அதற்குமுன் யாருடையது? உள்ளே வந்த பிறகு அங்கே ஒதுக்கப்படுபவர் யார்?

முதல் கேள்வியைப் பெரும்பாலான கதைகள் சாமர்த்தியமாகத் தவிர்த்துவிடுகின்றன. மேக்னீட்டோவின் முதல் புகலிடமான 'ஆஸ்ட்ராய்டு எம்' (1964) விண்வெளியில் மிதக்கும் பாறை. யுடோப்பியா கடலிலிருந்து எழுப்பப்பட்டது. கிராக்கோவா ஓர் உயிருள்ள தீவு. தானே மனமுவந்து இடம் கொடுக்கிறது. எங்கும் பழங்குடிகள் இல்லை, வெளியேற்றப்பட்டவர் இல்லை, பட்டா தகராறு இல்லை. துன்பப்பட்ட மக்கள் நாடு கேட்கும்போது உலகில் எழும் மிகக் கடினமான சிக்கல் கதையின் வாசலிலேயே கழன்றுவிடுகிறது. மேக்னீட்டோ ஆஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர்தப்பிய யூதர். 2019இல் கிராக்கோவா தன்னை உலகுக்கு அறிவிக்கும்போது அவர் அயல்நாட்டுத் தூதர்களை வரவேற்கும் இடம் ஜெருசலேம். எழுதியவர் எதை நினைவூட்டுகிறார் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஜெருசலேமில் கேட்கப்படும் கேள்வி, ஆளில்லாத தீவைப் பற்றிக் கேட்கப்பட முடியாதது.

அட்டிலன்

மியூட்டன்ட் தாயகங்களுக்கு ஒரு முன்னோடி உண்டு. 1965இல் லீயும் கிர்பியும் ஃபென்டாஸ்டிக் ஃபோர் இதழில் அறிமுகப்படுத்திய 'இன்ஹ்யூமன்ஸ்' மக்களின் மறைநகரம் அட்டிலன். மனிதரிடமிருந்து ஒளிந்து வாழும் இந்த நகரம் இமயமலையில் இருந்தது. 1982இல் ஜான் பிர்ன் எழுதிய கதையில் பூமியின் மாசு தாங்காமல் நிலவுக்கே பெயர்க்கப்பட்டது. இங்கே ஆற்றல் டெர்ரிஜன் என்னும் மூடுபனியில் நனைவதால் வருகிறது. அரசகுடும்பத்தின் அழகைப் பார்க்கும் வாசகர், நகரத்தின் அடித்தளத்தில் உழைக்கும் 'ஆல்ஃபா பிரிமிடிவ்ஸ்' என்ற கூட்டத்தை எளிதில் மறந்துவிடுவார். வேலைக்காரர்களாகவே உண்டாக்கப்பட்ட இனம் அது.

பால் ஜென்கின்ஸ் எழுதி ஜே லீ வரைந்த இன்ஹ்யூமன்ஸ் தொடர் (1998–99) இந்த மறதியை விடவில்லை. அதில் நண்பர்களோடு மூடுபனிச் சடங்குக்குச் செல்லும் ஓர் இளைஞன் ஆல்ஃபா பிரிமிடிவாக வெளியே வருகிறான். காலையில் குடிமகனாக இருந்தவன் மாலையில் அடிமை. நகரம் அதை ஒரு துரதிர்ஷ்டமாக எடுத்துக்கொண்டு மேலே செல்கிறது. பிறப்பையும் உடலையும் வைத்து வேலை பிரிக்கும் சமூகத்தை அறிந்த வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஜெனோஷா

ஜெனோஷாவே இந்த நிலங்களில் மிகவும் நேர்மையாகப் படைக்கப்பட்டது என்பது இக்கட்டுரையின் கருத்து. கிறிஸ் கிளேர்மாண்ட் எழுத்தில் 1988இல் அன்கேனி எக்ஸ்-மென் 235ஆம் இதழில் இது தோன்றியது. அப்போது அது தாயகமே அல்ல. ஆப்பிரிக்காவின் கிழக்குக் கடலில், மடகாஸ்கருக்கு அருகில் இருக்கும் செல்வச் செழிப்பான தீவு. அந்தச் செழிப்பு மியூட்டன்ட்களின் கட்டாய உழைப்பால் வந்தது. பிடிபட்டவரின் மரபணுவை அரசு தன் தேவைக்கேற்ப மாற்றும். பெயரைப் பறித்து எண் கொடுக்கும். தலையை மழித்து, கழற்ற முடியாத சீருடையை உடலோடு ஒட்டிவிடும். தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நடந்துகொண்டிருந்த ஆண்டுகளில் வந்த கதை இது. அன்றைய வாசகர் இதை உவமையாகக்கூட அல்ல, செய்தியாகவே படித்திருக்கலாம்.

கதையின் கூர்மை அதன் வில்லனிடம் இல்லை. இந்த மாற்றங்களைச் செய்யும் தலைமை விஞ்ஞானியின் மகன் ஃபிலிப் மொரோ நல்லவன். தன் நாடு நல்ல நாடு என்று நம்பி வளர்ந்தவன். அவன் மணக்க இருந்த ஜென்னி மியூட்டன்ட் என்று தெரிந்து, அவளை அடிமையாக்க அரசு எடுத்துச் சென்ற பிறகுதான் தன் வீட்டு வசதி எதன்மேல் நிற்கிறது என்று அவனுக்குப் புரிகிறது. அதுவரை அடிமைகள் அவன் கண்முன்தான் நடமாடினார்கள்.

இந்த நாடு 1999இல் ஐக்கிய நாடுகள் அவையால் மேக்னீட்டோவிடம் ஒப்படைக்கப்பட்டது. அடிமைக்கூடம் தாயகமாயிற்று. வரலாறு உள்ள நிலம், பழைய எசமானர் இன்னும் வசிக்கும் நிலம், விடுதலை பெற்றவரும் ஆண்டவரும் ஒரே தெருவில் நடக்க வேண்டிய நிலம். எழுதுவதற்கு எவ்வளவோ இருந்தது. ஆனால் எழுதப்பட்டது குறைவு. 2001இல் கிராண்ட் மாரிசன் எழுதி ஃபிராங்க் குயிட்லி வரைந்த நியூ எக்ஸ்-மென் 115ஆம் இதழில் சென்டினல் இயந்திரங்கள் தாக்கி, 1 கோடியே 60 லட்சம் மியூட்டன்ட்கள் மாண்டார்கள்.

மாரிசனின் கதை வலிமையானது என்பதை மறுக்க முடியாது. ஆயினும் ஒரு குறை உண்டு. அடிமை ஜெனோஷாவின் தெருக்களை நாம் பார்த்தோம். விடுதலை பெற்ற ஜெனோஷாவில் ஒரு பள்ளிக்கூடத்தையோ கடைத்தெருவையோ நாம் அறிந்துகொள்ளவில்லை. இறந்தவர்கள் எண்ணாகவே இறந்தார்கள். முன்பு அடிமைகளுக்கு எண் கொடுத்த அதே நாட்டில் இது நடந்தது என்பது கசப்பான பொருத்தம். 2024இல் வந்த 'எக்ஸ்-மென் 97' அனிமேஷன் தொடர் இந்தக் கடனை ஓரளவு அடைத்தது. அதன் ஐந்தாம் பகுதி, தாக்குதலுக்குமுன் ஜெனோஷாவின் ஒரு கொண்டாட்ட இரவைக் காட்டியது. மனிதர்கள் ஆடிப்பாடிய இடம் அழிவதைப் பார்ப்பதும், வரைபடத்தில் ஒரு புள்ளி அழிவதைப் பார்ப்பதும் ஒன்றல்ல.

யுடோப்பியா

2005இல் 'ஹவுஸ் ஆஃப் எம்' கதையின் முடிவில் மியூட்டன்ட்கள் ஏறக்குறைய அனைவரும் ஆற்றலிழந்தனர். சுமார் 200 பேரே மிஞ்சினர். அவர்களுக்காக சைக்ளோப்ஸ் 2009இல் சான் பிரான்சிஸ்கோ கடற்கரைக்கு அப்பால் நிறுவிய தீவு யுடோப்பியா. கடலில் கிடந்த ஆஸ்ட்ராய்டு எம் சிதைவுகளால் ஆனது. சேவியரின் முதல் மாணவன் மேக்னீட்டோவின் இடிபாட்டில் நாடு கட்டினான் என்பதே அதைப் பற்றிச் சொல்லவேண்டியதில் பாதி.

இது நாடு என்பதைவிட முற்றுகையிடப்பட்ட கோட்டை. கோட்டையில் எல்லாரும் சிப்பாய்கள். நைஜீரியாவைச் சேர்ந்த 14 வயதுச் சிறுமி இடி ஒகோன்க்வோ, 'ஓயா' என்ற பெயரில் அங்கே வளர்ந்தாள். ஜேசன் ஆரன் எழுதிய 'ஸ்கிசம்' (2011) கதையில், பிறரைக் காப்பாற்ற அவள் ஆட்களைக் கொல்கிறாள். தடுக்கக்கூடிய இடத்தில் இருந்த சைக்ளோப்ஸ் முடிவை அவளிடமே விட்டுவிடுகிறார். இதைப் பொறுக்காத வுல்வரின், குழந்தைகளில் ஒரு பகுதியினரை அழைத்துக்கொண்டு பழைய பள்ளிக்கூடத்துக்கே திரும்புகிறார். மேலே பார்த்தால் இரண்டு நாயகர்களின் சண்டை. உண்மையில் அது, பிழைத்திருப்பதற்காக ஒரு நாடு தன் குழந்தைகளிடம் எவ்வளவு கேட்கலாம் என்ற வழக்கு.

கிராக்கோவா

ஜோனத்தன் ஹிக்மன் 2019இல் 'ஹவுஸ் ஆஃப் எக்ஸ்', 'பவர்ஸ் ஆஃப் எக்ஸ்' என்ற இரட்டைத் தொடர்களில் அமைத்த கிராக்கோவா, சூப்பர்ஹீரோ காமிக்ஸில் ஒரு நாடு இவ்வளவு முழுமையாகக் கற்பனை செய்யப்பட்ட அரிய நிகழ்வு. தனி மொழி, தனி எழுத்து, பன்னிரண்டு இருக்கைகள் கொண்ட ஆட்சி மன்றம் எல்லாம் உண்டு. மனிதருக்கு மருந்து கொடுத்து, பதிலுக்கு அங்கீகாரம் பெறும் வெளியுறவுக் கொள்கையும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்து பேரின் ஆற்றல் இணைந்து இறந்தவரை மீட்டெடுக்கும் ஏற்பாடு. ஜெனோஷாவில் மாண்டவரும் திரும்பலாம். இந்தப் பக்கங்களை முதன்முறை படித்தவர்களுக்கு உண்டான மகிழ்ச்சி போலியானதல்ல.

ஆனால் மன்றத்தின் முதல் அமர்வைக் கவனிக்க வேண்டும். மனிதரைக் கொல்லக்கூடாது என்று அங்கே சட்டம் இயற்றுகிறார்கள். அதே அமர்வில், அதற்குமுன் கொலை செய்த சேபர்டூத்துக்கு அந்தச் சட்டப்படி தண்டனை விதிக்கிறார்கள். தீவின் அடியில் அசையமுடியாமல், நினைவு தப்பாமல் காலவரையின்றிக் கிடக்க வேண்டும். அவன் இரக்கத்துக்குரியவன் அல்லன். அதனாலேயே யாரும் கேள்வி கேட்கவில்லை. பிற்காலத்தை முன்னறியும் ஆற்றலுள்ளவர்களை மீட்டெடுப்பதில்லை என்ற ரகசிய முடிவும் இருந்தது. மனைவி டெஸ்டினியைத் திருப்பிக் கேட்ட மிஸ்டிக்கை மேக்னீட்டோவும் சேவியரும் சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார்கள். ஆற்றலிழந்தவர் அதைத் திரும்பப் பெற, ஊர்கூடிப் பார்க்க வாளேந்திச் சண்டையிட்டு இறந்து மறுபிறவி எடுக்க வேண்டும் என்ற சடங்கும் வந்தது. அதைக் கண்டு மனம் கலங்குபவராக ஹிக்மன் காட்டுவது நைட்கிராலரை.

நாவலாசிரியர் விக்டர் லவேல் எழுதிய சேபர்டூத் குறுந்தொடர் (2022) இந்தப் புதைகுழிக்குள் இறங்குகிறது. அங்கே சேபர்டூத் மட்டும் இல்லை. மன்றம் வேறு சிலரையும் சந்தடியில்லாமல் அனுப்பியிருக்கிறது. அவர்களில் ஒருத்தி ஓயா. யுடோப்பியா சிப்பாயாக்கிய சிறுமியைக் கிராக்கோவா சிறைவைத்தது. கிராக்கோவாக் காலத்தின் நூற்றுக்கணக்கான இதழ்களில் விற்பனையிலும் பேச்சிலும் பெரிய இடம் பெறாத இந்தச் சிறு தொடர்தான், அந்த நாட்டை அதன் அடியிலிருந்து பார்த்தது.

பெருங்கதை அந்தத் திசையில் போகவில்லை. 2023இல் கிராக்கோவா வீழ்ந்தபோது அதை வீழ்த்தியவர்கள் ஆர்க்கிஸ் என்ற மனித அமைப்பினர். வெளியிலிருந்து எதிரி வந்ததும் உள்ளே இருந்த வழக்குகள் தள்ளுபடியாயின. மன்றம் யாருக்கும் பதில் சொல்லவேண்டிய நிலை வரவில்லை. அழிக்கப்பட்ட நாட்டின்மேல் வழக்குத் தொடுப்பது அநாகரிகமாகத் தோன்றும் அல்லவா. ஜெனோஷாவுக்கும் இதுவே நடந்தது. படுகொலைக்குப் பிறகு மேக்னீட்டோவின் ஆட்சி நல்லதா கெட்டதா என்று யார் கேட்பார்கள்? தொடர்கதையாக விற்கவேண்டிய காமிக்ஸுக்கு இது வசதியும்கூட. பழைய நிலை திரும்ப வேண்டுமென்றால் நாடு போயாக வேண்டும். அது தன் குறையால் போவதைவிடத் தியாகமாகப் போவது எளிது.

2024இல் கிராக்கோவாக் காலம் முடிந்து புதிய இதழ்கள் தொடங்கியபோது, எக்ஸ்-மென் ஒரே இடத்தில் இல்லை. ஒரு குழு அலாஸ்காவில் பழைய சென்டினல் தொழிற்சாலை ஒன்றில் குடியேறியது. இன்னொன்று லூசியானாவில் ஒரு வீட்டில். தனிக் கொடி எதுவும் இல்லை. பக்கத்து வீடுகளில் மனிதர்கள்.