முகவர்க்குரிய கருவியுரை

மூன்றாம் வேற்றுமைப் பொருள்களுள் கருவியையும் கருத்தாவையும் இலக்கண நூலார் அடுத்தடுத்து வைத்தனர். கருத்தாவினை ஏவுதற்கருத்தா, இயற்றுதற்கருத்தா எனப் பகுத்தலும் நாம் அறிந்ததே. அரசனால் ஆகிய கோயில் என்புழி அரசன் ஏவுவோன். தச்சனால் ஆகிய கோயில் என்புழித் தச்சன் இயற்றுவோன். இப்பகுப்பு இன்று புதியதொரு துறைக்கும் பொருந்துகின்றது. செயற்கை நுண்ணறிவு முகவர் என்பது, மக்கள் ஏவியதனைத் தானே படிப்படியாக ஆய்ந்து இயற்றும் மென்பொருளாகும். கோப்பினைத் திறத்தல், செய்தியைத் தேடுதல், பயணப் பதிவை மாற்றுதல் முதலிய வினைகளுக்கு அது பிற மென்பொருள்களைக் கருவியாகக் கொள்கின்றது. அக்கருவிகளுக்கு எழுதப்பெறும் விளக்கத்தைக் கருவியுரை எனக் குறித்து, அதன் இயல்பையும் அதனை மதிப்பிடும் முறையையும் ஈண்டு ஆராய்வாம்.

இவ்வுரையின் அமைப்பு ஒருவாறு வரையறை பெற்றுள்ளது. ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் பொதுநெறியில், கருவியின் பெயர், அதன் விளக்கம், அதற்குத் தரவேண்டிய செய்திகளின் வரையறை ஆகியன இடம்பெறுகின்றன. முகவர் கருவியைப்பற்றி முன்னறிவது பெரும்பாலும் இவ்வளவே. மக்கள் பயிலும் கையேட்டிற் குறையிருப்பின், பயில்வோர் உடன் பணிபுரிவாரை வினவித் தெளிவர். முகவரோ படித்த அளவிலேயே வினையில் இறங்கிவிடுதல் கூடும். ஆதலின் உரையின் பிழை வினையின் பிழையாகின்றது.

நன்னூற் பாயிரம் தொகுத்துரைக்கும் நூற்குற்றங்களுட் சில இங்கு நேரே பொருந்துவன. ஒரு கருவி தேதியைக் கேட்குமிடத்து, நாள் முன்னோ திங்கள் முன்னோ என்பதைக் கூறாது விடின் அது குன்றக் கூறல். வேண்டாத வரலாற்றையும் பாராட்டையும் அடுக்கின் அது மிகைபடக் கூறல்; முகவர் ஒருங்கே கருத்திற் கொள்ளும் உரைக்கு எல்லையுண்டாகலின், மிகையானது வேண்டிய செய்திக்குரிய இடத்தைக் கவர்ந்துகொள்ளும். 'தேடு' எனவும் 'கண்டறி' எனவும் இரு கருவிகளை வைத்து, அவற்றின் வேற்றுமையைச் சொல்லாது விடின் அது மயங்க வைத்தல். முகவரின் அறிவு வளர வளர இவ்வுரையின் தேவை குறையும் என்பாரும் உளர். அக்கருத்து முழுதும் ஏற்புடையதன்று. எத்துணைக் கூரிய அறிவும், எழுதாது விடப்பட்ட வழக்கத்தினை உறுதியாகத் துணிதல் அரிது.

எனினும், குற்றமின்மையைப் படித்த அளவிலேயே துணியலாமோ எனின், இயலாது என்க. பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2024-இல் வெளியிட்ட ஸ்வீ ஏஜென்ட் என்னும் ஆய்வு இதற்குச் சான்றாகும். நிரற்பிழைகளைத் திருத்தும் 300 பணிகளை அவர்கள் முகவருக்குத் தந்து, கருவிகளை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தனர். தேடலின் விளைவைத் தொகுத்து ஒருங்கே காட்டும் கருவி இருந்தபோது நூற்றுக்கு 18 பணிகள் நிறைவேறின. தனித் தேடற்கருவியே இல்லாதபோது 15.7 நிறைவேறின. விளைவுகளை ஒவ்வொன்றாகக் காட்டும் கருவியைத் தந்தபோதோ 12 மட்டுமே நிறைவேறின. மக்களுக்குப் பழகிய அம்முறையைப் பெற்ற முகவர், எல்லா விளைவுகளையும் ஒன்றுவிடாது புரட்டித் தன் அளவையெல்லாம் செலவிட்டது. பொருந்தாக் கருவி, கருவியின்மையினும் தீது என்பது இதனாற் பெறப்படும். கோப்பினைக் காட்டும் முறையிலும் இவ்வாறே. நூறு வரிகளைக் காட்டியபோது 18-ஆக இருந்த வெற்றி, முப்பது வரிகளைக் காட்டியபோது 14.3-ஆகவும், முழுக்கோப்பையும் காட்டியபோது 12.7-ஆகவும் குறைந்தது. குன்றலும் மிகையும் குற்றம் என்பதை நூலோர் கூறினர். அவற்றின் எல்லை யாதென்பதைச் சோதனையே காட்டிற்று.

இவ்வாய்வின் சிறப்பை ஏற்கும் நாம் அதன் குறையையும் சுட்டல் வேண்டும். வெற்றி விழுக்காடு ஒன்றே அளவுகோலாயின், ஒருமுறை வென்று மறுமுறை தோற்கும் நிலை மறைந்துபோம். அதே ஆண்டில் வெளிவந்த டௌ பெஞ்ச் என்னும் சோதனை, ஒரே பணியைப் பலமுறை தந்து நோக்கிற்று. அந்நாளிற் சிறந்து நின்ற முகவர்களும் பாதிக்குக் குறைவான பணிகளையே முடித்தன. சில்லறை விற்பனைப் பணிகளில் எட்டு முறையும் வழுவாது முடித்தல் நூற்றுக்கு 25-க்கும் கீழாகவே இருந்தது. பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அமைத்த சோதனையோ, தரப்பட்ட கருவிகளுள் எதுவும் பொருந்தாதபோது முகவர் வாளா இருக்கின்றதா என்பதனையும் நோக்குகின்றது. இது மிகவும் வேண்டத்தக்கது. கருவியைக் கொள்ளுமிடம் அறிதலோடு கொள்ளாவிடம் அறிதலும் அறிவேயாகும்.

இன்றைய கருவியுரைகள் பலவற்றிற் காணும் பெருங்குறை, கருவி செய்வதைக் கூறிச் செய்யாததைக் கூறாமையே. 1971 நவம்பரில் வெளிவந்த யுனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு, கருவிகளின் குறைகளைக் கூறவும் தனித் தலைப்பு வகுத்திருந்தது. ஆக்கியோரே தம் ஆக்கத்தின் வழுவை ஒப்புக்கொண்டு எழுதிய அம்மரபு போற்றத்தக்கது. மேற்கூறிய பொதுநெறியில் 2025-ஆம் ஆண்டில், கருவி படிக்க மட்டுமே உரியதா, அழிக்கும் வினையும் உடையதா எனக் குறிக்கும் அடையாளங்கள் சேர்க்கப்பட்டன. ஆயின், நம்பத்தக்க இடத்திலிருந்து வந்தாலன்றி அவ்வடையாளங்களை நம்பலாகாது என்று அந்நெறியே எச்சரிக்கின்றது. எழுதியோன் சொல் ஒன்றே அவன் சொல்லுக்குச் சான்றாகாது என்பதே இதன் கருத்து.

ஆகவே, உரை எழுதுதலும் மதிப்பிடுதலும் இருவேறு பணிகள் எனப் பிரித்து வைத்தல் தவறாம். எத்தனை முறை சோதிக்கப்பட்டது, எவ்விடத்துத் தவறிற்று, எதற்கு உதவாது என்னும் மூன்றும் கருவியுரையின் உறுப்புகளாதல் வேண்டும். பிறருடைய கோப்பு அழிந்தபின், இயற்றிய முகவரைப் பழித்துப் பயனில்லை. பழி ஏவினோரையும் உரை எழுதினோரையுமே சாரும்.