அலுமினியத்தைப் பற்றவைக்கும் கை

1960-களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவானது முதல், அதன் சுற்றுவட்டாரத்தில் வீட்டு முன்கட்டையே பட்டறையாக்கி வெல்டிங் செய்து ஜீவிப்பவர் பலர் உண்டு. அவர்களுள் அலுமினியத்தைப் பற்றவைக்கிறவரைக் கண்டால் மட்டும் நான் நின்றுவிடுவேன்.

இரும்பு, காயக் காயச் சிவந்து, தான் இளகப்போவதை முன்கூட்டியே அறிவித்துவிடும் சாது. அலுமினியமோ எவ்வித விகாரமும் காட்டாதிருந்து, 660 டிகிரி உஷ்ணம் வந்ததும் சட்டென்று சரிந்து ஓட்டையாகிவிடும். போதாக்குறைக்கு, அதன்மேல் கண்ணுக்குத் தெரியாமல் படர்ந்திருக்கும் ஆக்சைடு படலம் 2,000 டிகிரியிலும் உருகாது. ஆகையால், எவர்சில்வர் கம்பி பிரஷ்ஷால் தேய்த்துச் சுத்தம் செய்து, ஆர்கான் வாயு காற்றை விலக்கி நிற்க, ஏ.சி. மின்சாரத்தின் ஒரு பாதி அலை அப்படலத்தைப் பெயர்க்க, மறுபாதி உலோகத்தை உருக்க, டங்ஸ்டன் முனையின் கீழ்ப் பாதரசம் போல் சிறு குளம் திரளும் க்ஷணத்தில் கம்பியைத் தொட்டெடுத்து நகர்ந்துகொண்டே போக வேண்டும். உஷ்ணத்தை இந்த உலோகம் விரைந்து கடத்துவதால், ஆரம்பத்தில் நிதானமும், துண்டு முழுதும் சூடேறிய பின் துரிதமும் அவசியம். மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் கால்மிதியை அழுத்தும் பாதத்துக்கு இதில் கையைவிட அதிக சாமர்த்தியம் வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

டங்ஸ்டன் முனையால் பற்றவைக்கும் இம்முறைக்கு டிக் என்று பெயர். டி.சி. மட்டுமே தரும் மலிவான டிக் மெஷின், வீட்டுப் பட்டறையில் இதற்கு உதவாது. ஏ.சி.யும் தருமா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்வது உத்தமம். எண்ணெய் குடித்த பழைய இன்ஜின் கவரென்றால், எத்தனை தேர்ந்த கையானாலும் ஊசித்துளைகள் விழத்தான் செய்யும்.