75 நிமிட வெஸ்டர்ன்

வெஸ்டர்ன் படங்களைப் பற்றி இப்போது யார் பேசினாலும் ஒரு கருத்து எங்கிருந்தாவது வந்து ஒட்டிக்கொள்கிறது. இத்தாலிய இயக்குநர் செர்ஜியோ லியோனிக்கு முன்னால் நல்லவன் வெள்ளைத் தொப்பி போட்டிருந்தான், கெட்டவன் கறுப்புத் தொப்பி போட்டிருந்தான். இரண்டையும் கலைத்துப் போட்டு அந்த வகைப் படத்துக்கு மூளை கொடுத்தவர் லியோனிதான் என்பது. திரைப்பட விழா மலர்களிலும் யூடியூப் உரைகளிலும் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. 1950களின் படங்களில் ஐந்தையாவது ஒழுங்காகப் பார்த்தவர் இப்படிச் சொல்ல மாட்டார்.

இந்த எண்ணம் நம்மிடம் வேரோடியதற்குக் காரணம் இருக்கிறது. வெஸ்டர்ன் நமக்குத் தாமதமாக, பக்கவாட்டுக் கதவு வழியாக வந்தது. அமெரிக்காவில் எடுபடாமல் போன ‘மெக்கன்னாஸ் கோல்ட்’ (1969) இந்தியாவில் கொட்டகை கொட்டகையாக ஓடியது. கர்ணன் இயக்கத்தில் ஜெய்சங்கர் குதிரையேறிய ‘கங்கா’வின் (1972) சாயல் ஹாலிவுட்டைவிட இத்தாலிக்கே நெருக்கம். லயன் காமிக்ஸில் நாம் வளர்த்த டெக்ஸ் வில்லரும் இத்தாலியர்கள் பெற்ற பிள்ளைதான். தந்தைக்கு முன்னால் மகனைப் பார்த்துவிட்டோம். ஆகவே மகன்தான் குடும்பத்தைத் தொடங்கினான் என்று நினைத்துக்கொண்டோம்.

ஆரம்ப காலத்தை வேகமாகக் கடந்துவிடலாம். எட்வின் போர்ட்டரின் ‘தி கிரேட் ட்ரெயின் ராபரி’ (1903), அதிலிருந்து கிளம்பிய பிராங்கோ பில்லி ஆண்டர்சன், வில்லியம் எஸ். ஹார்ட்டின் இறுகிய முகம், டாம் மிக்ஸின் குதிரை வித்தைகள், பிறகு 1930களில் கிட்டாரும் கையுமாக வந்த பாடும் கவ்பாய்கள். வெள்ளைத் தொப்பிக் குற்றச்சாட்டு இந்தக் கடைசிக் கூட்டத்துக்கு ஓரளவு பொருந்தும். சிறுவர்களுக்காக வாரக்கணக்கில் தயாரான அந்தப் படங்களை வைத்து ஒரு கலைவடிவத்தையே எடை போடுவது, மாயாஜாலப் படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் தமிழ் சினிமா வரலாறு எழுதுவதைப் போன்றது.

ஜான் ஃபோர்டின் ‘ஸ்டேஜ்கோச்’சில் (1939) வண்டியேறுகிறவர்களில் பணத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிறவன் வங்கி முதலாளி. மனிதத்தன்மையோடு நடந்துகொள்பவர்கள் ஊர் துரத்திவிட்ட விலைமகளும் சிறையிலிருந்து தப்பிய கைதியும். ‘தி ஆக்ஸ்-போ இன்சிடென்ட்’டில் (1943) ஊரே கூடி நிரபராதிகள் மூவரைத் தூக்கில் போடுகிறது. ‘ரெட் ரிவர்’ (1948) படத்தில் ஹவர்ட் ஹாக்ஸ் ஜான் வெய்னையே கொடுங்கோலனாக்கினார். அதே ஆண்டில் வந்த ‘ஃபோர்ட் அப்பாச்சி’யில் ஹென்றி ஃபோண்டாவின் கர்னல் தன் அகந்தையால் படைவீரர்களைச் சாவுக்கு இழுத்துப் போகிறான், பத்திரிகைகள் அவனை வீரனாக்கும்போது உண்மை தெரிந்தவர் மறுக்காமல் நிற்கிறார். லியோனி தன் முதல் வெஸ்டர்னை எடுக்க அப்போது இன்னும் 16 ஆண்டுகள் இருந்தன.

1950களுக்கு வந்தால் எல்லோரும் முதலில் எடுத்துவைக்கும் பெயர் ‘ஹை நூன்’ (1952). கெட்டிக்காரப் படம், மறுக்கவில்லை. ஆனால் அதன் பதற்றத்தில் பாதி சுவர்க் கடிகாரம் கொடுத்தது. ‘ஷேன்’ (1953) தான் ஒரு தொன்மம் என்பதை முதல் காட்சியிலேயே தெரிந்துகொண்டு நடக்கிறது. அந்தச் சுயநினைவு எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ‘தி சர்ச்சர்ஸ்’ (1956) பெரிய படம்தான். நாயகன் ஈதன் எட்வர்ட்ஸின் இனவெறுப்பை ஜான் வெய்னின் உடம்பிலேயே ஏற்றிக் காட்டும் துணிச்சல் வேறு யாருக்கும் அப்போது இல்லை. நடுவில் வரும் கல்யாணக் கோமாளித்தனங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்ட வேண்டும். இவை மூன்றும் ஏற்கெனவே கோயிலுக்குள் இருப்பவை. வெளியே நிற்பவர்கள்தான் என் கவலை.

முதலில் ஆன்டனி மான். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டை வைத்து ‘வின்செஸ்டர் 73’ (1950) தொடங்கி ‘தி மேன் ஃப்ரம் லாரமி’ (1955) வரை ஐந்து வெஸ்டர்ன்கள் எடுத்தார். அவற்றில் ‘தி நேக்கட் ஸ்பர்’ (1953) எனக்கு உச்சம். சில செவ்விந்தியர்களை விட்டுவிட்டால் படத்தில் ஐந்தே பேர்; வீடு, ஊர், மதுக்கடை எதுவும் கிடையாது; முழுக்கக் கொலராடோ மலைகள். ஸ்டூவர்ட்டின் பாத்திரமான ஹவர்ட் கெம்ப் உள்நாட்டுப் போருக்குப் போகும்போது பண்ணையைக் காதலியின் பெயரில் எழுதிவைக்கிறான். அவள் அதை விற்றுவிட்டு இன்னொருவனோடு போய்விடுகிறாள். பண்ணையைத் திரும்ப வாங்கப் பணம் வேண்டும். தலைக்கு 5,000 டாலர் விலை வைக்கப்பட்ட ஒருவனைப் பிடித்துக் கட்டி இழுத்துப் போகிறான். வழியில் இரண்டு பேர் பங்கு கேட்டு ஒட்டிக்கொள்கிறார்கள். ராபர்ட் ரயன் நடித்த கைதி, கைகள் கட்டப்பட்டிருக்கும்போதே, சிரித்துச் சிரித்துப் பேசி மூன்று பேரின் ஆசைகளையும் ஒன்றோடொன்று மோதவிடுகிறான். கடைசியில் பிணம் கைக்கு வந்துவிடுகிறது. பரிசும் வந்த மாதிரிதான். அப்போது ஸ்டூவர்ட் விம்மி அழுகிறார். அமெரிக்காவின் செல்லப்பிள்ளை நடிகர், ஒரு சடலத்தை விற்கப் போகிறோமே என்ற வெட்கத்தில் முகம் கோணி அழுகிறார். நல்லவன் கெட்டவன் கோடு என்பதை இதற்குமேல் யார், எப்படி அழிக்க முடியும்?

டெல்மர் டேவ்ஸை இங்கே ஒரு பத்தியில் முடித்துவிடுவது அநியாயம்தான். ‘3:10 டு யூமா’வின் (1957) பெரும்பகுதி ஒரு விடுதி அறை. வறட்சியில் மாடுகளைக் காப்பாற்ற 200 டாலர் தேவைப்படும் விவசாயி ஒருவன், கொள்ளைக்காரன் ஒருவனை ரயில் வரும்வரை காவல் காக்கிறான். கொள்ளைக்காரன் விலையை ஏற்றிக்கொண்டே போகிறான். மொத்தப் படமும் ஒரு பேரம். 2007இல் அதை மறுபடி எடுத்தபோது அரை மணி நேரத்தைக் கூட்டி, வெடிகளையும் துரத்தல்களையும் சேர்த்தார்கள். பேரத்தின் இறுக்கம் அதில் கரைந்துபோனது.

இனி பட் பெட்டிக்கர். சிகாகோவில் பிறந்து, மெக்சிகோவுக்குப் போய் மாடுபிடிக் கலை பயின்று, ‘பிளட் அண்ட் சாண்ட்’ (1941) படத்துக்கு அந்த வித்தையில் ஆலோசகராக சினிமாவுக்குள் வந்தவர். 1956க்கும் 1960க்கும் இடையில் ரேண்டால்ஃப் ஸ்காட்டை வைத்து அவர் எடுத்தவை ஏழு படங்கள். அவற்றில் பர்ட் கென்னடி எழுதிய நான்கைத்தான் நான் சொல்கிறேன்: ‘செவன் மென் ஃப்ரம் நவ்’, ‘தி டால் டி’, ‘ரைட் லோன்சம்’, ‘கொமான்ச்சி ஸ்டேஷன்’. எதுவும் 80 நிமிடத்தைத் தொடாது. எல்லாவற்றுக்கும் கலிபோர்னியாவின் லோன் பைன் பக்கத்துப் பாறைக் குன்றுகள்தான் முக்கிய இடம். பெரிய நிறுவனங்கள் இவற்றை இரட்டைக் காட்சியின் துணைப் படமாகவே பார்த்தன. முதல் படத்தைப் பார்த்துப் பிரான்ஸிலிருந்து விமர்சகர் ஆந்த்ரே பாஸன் உற்சாகமாக எழுதினார். அவர் எழுத்தைப் படித்தவர்கள் படத்தைப் பார்க்க முடியாமல் பல பத்தாண்டுகள் காத்திருந்தார்கள்.

ஏறக்குறைய ஒரே கதைதான் திரும்பத் திரும்ப வருகிறது. மனைவியை இழந்த, அறுபதை நெருங்கும் ஒருவர். அவரோடு வழியில் சேரும், அவரை மதிக்கும், ஆனால் எப்படியும் அவரோடு மோதியே தீர வேண்டிய ஒரு கயவன். இடையில் ஒரு பெண். மாடுபிடிக் களத்தில் வீரனும் காளையும் ஒன்றையொன்று அளந்துகொண்டு சுற்றிவருவதைப் பெட்டிக்கர் இங்கே கொண்டுவந்தார் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். சரிதான், ஆனால் போதாது. இந்தப் படங்களின் சூட்சுமம் கயவனின் பேச்சில் இருக்கிறது.

‘தி டால் டி’யை (1957) எடுத்துக்கொள்ளுங்கள். எல்மோர் லியனார்டின் சிறுகதைதான் மூலம். ஸ்காட்டின் பாத்திரமான பிரென்னன், ஒரு காளையை அடக்கும் பந்தயத்தில் குதிரையைத் தோற்று, சேணத்தைத் தோளில் சுமந்து நடந்து வருகிறார். தங்குமிடத்துச் சிறுவனுக்காக மிட்டாய் வாங்கி வைத்திருக்கிறார். முதல் கால்மணி நேரம் கிட்டத்தட்ட நகைச்சுவைப் படம். பிறகு வழியில் அவர் ஏறிக்கொண்ட வண்டி தங்குமிடத்துக்கு வந்து நிற்கிறது. அந்தச் சிறுவனும் அவன் அப்பாவும் கிணற்றுக்குள் கிடக்கிறார்கள் என்று தெரியவருகிறது. இதைச் செய்த கூட்டத்தின் தலைவன் அஷர், ரிச்சர்ட் பூன். தன்னுடன் திரியும் இரண்டு இளம் கொலைகாரர்களை அவனுக்குப் பிடிக்கவில்லை. பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் தவிக்கிறான். பிரென்னனை உடனே கொல்லாமல் வைத்திருப்பதற்கு உண்மையான காரணம் அதுதான். தனக்கென்று கொஞ்சம் நிலம் வேண்டும் என்று அவரிடம் சொல்கிறான். அவரிடம் இருப்பதும் அவ்வளவுதான். தன் உயிருக்காக மனைவியைப் பணயமாக்கிய, அதே வண்டியில் வந்த புதுமாப்பிள்ளையைச் சுட்டுத்தள்ளச் சொல்லும்போது அஷரின் குரலில் இருக்கும் அருவருப்பு ஒரு யோக்கியனுடையது. இறுதியில் அவன் பிரென்னனுக்கு முதுகைக் காட்டி நடந்து போகிறான். முதுகில் சுட மாட்டார் என்று அவனுக்குத் தெரியும். போனவன் போயிருக்கலாம். திரும்பி வருகிறான். தான் பேசிய ஆசைகளோடு வாழத் தனக்குத் தெரியாது என்பதை அவன் சொல்லாமலே நாம் புரிந்துகொள்கிறோம்.

‘செவன் மென் ஃப்ரம் நவ்’வில் மழை பெய்யும் இரவு, கூண்டு வண்டிக்குள் நான்கு பேர் காப்பி குடிக்கிறார்கள். லீ மார்வின் ஒரு பழைய கதை சொல்கிறார். கதையில் வரும் கணவன், மனைவி, அந்நியன் யார் யார் என்பது வண்டியிலிருக்கும் எல்லோருக்கும் மெல்லப் புரிகிறது. துப்பாக்கி உறையைவிட்டு எழவில்லை. ஆனால் படத்தின் மிகப் பெரிய வன்முறை அதுதான். கடைசி மோதலில் ஸ்காட் துப்பாக்கியை உருவுவதைப் பெட்டிக்கர் காட்டுவதே இல்லை. மார்வினின் வியந்த முகத்தை மட்டும் காட்டுகிறார்.

இந்த இடத்தில் லியோனியைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். குரோசாவாவின் ‘யோஜிம்போ’வைத் தழுவி எடுத்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ (1964) தொடங்கி அவர் கண்டுபிடித்தது துப்பாக்கி எடுப்பதற்கு முந்தைய நிமிடத்தை எவ்வளவு தூரம் இழுக்கலாம் என்பதை. கண்ணின் குளோசப், கையின் குளோசப், இசையமைப்பாளர் மோரிக்கோனேயின் விசில். ‘ஒன்ஸ் அப்பான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) ஓர் இசைநாடகமாக மிகப் பெரிய சாதனை. ஃபோண்டாவின் நீலக் கண்களைக் குழந்தைக் கொலைகாரனுக்குக் கொடுத்தது மேதைமை. ஆனால் மானும் பெட்டிக்கரும் கட்டியிருந்ததில் அவர் எடுத்து எறிந்தது என்ன என்பதை யாரும் கேட்பதில்லை. நிலம் வாங்க நினைக்கும் மனிதன் போய்விட்டான். பிழைப்பு போயிற்று. பேச்சு போயிற்று. கொல்லப்படுகிறவனுக்குக் கதை கிடையாது. அவர் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் தார்மீகச் சிக்கல், உண்மையில் அக்கறையின்மைக்குச் சூட்டிய நல்ல பெயர். எல்லோரும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டால் யாரைப் பற்றியும் யோசிக்க வேண்டியதில்லை.

என் கட்சிக்காரர்களிடம் குறையில்லாமல் இல்லை. செவ்விந்தியர் விஷயத்தில் பெட்டிக்கரின் கண் மங்கல். ‘கொமான்ச்சி ஸ்டேஷன்’ (1960) பெயரில் மட்டும்தான் கொமான்ச்சிகள் இருக்கிறார்கள். மற்றபடி பாறைக்குப் பின்னிருந்து அம்பு வருகிறது, அவ்வளவே. டேவ்ஸின் ‘புரோக்கன் ஏரோ’ (1950) அப்பாச்சித் தலைவன் கொச்சீஸை மரியாதையோடு காட்டியது. அதிலும் நடித்தவர் ஜெஃப் சாண்ட்லர் என்ற வெள்ளையர். இந்தக் கணக்கை 1950கள் தீர்க்கவில்லை. லியோனியும் தீர்க்கவில்லை, அவர் அதைத் தொடவே இல்லை.

1960க்குப் பிறகு பெட்டிக்கர் மெக்சிகோவுக்குத் திரும்பினார், மாடுபிடி வீரர் கார்லோஸ் அர்ரூசாவைப் பற்றி ஆவணப்படம் எடுக்க. பல ஆண்டுகள் போயின, மணவாழ்க்கை போயிற்று, சிறையும் மனநலக் காப்பகமும் பார்த்தார், 1966இல் அர்ரூசாவே கார் விபத்தில் இறந்தார். ஸ்காட் 1962இல் இயக்குநர் பெக்கின்பாவின் ‘ரைட் தி ஹை கன்ட்ரி’யில் ஒரு சறுக்கிய கிழவராக நடித்துவிட்டு ஓய்வெடுத்துக்கொண்டார். பெக்கின்பா ‘தி வைல்ட் பஞ்ச்’சுக்குப் (1969) போனார்; ரத்தம் மெதுவாகத் தெறிக்கத் தொடங்கியது; விமர்சகர்கள் எல்லோரும் அங்கே போய்விட்டார்கள்.

அந்த வழி எங்கே கொண்டுவிட்டது என்பதற்கு டரன்டினோவின் ‘தி ஹேட்ஃபுல் எய்ட்’ (2015) சாட்சி. விலைவைத்த கைதி, பணத்தாசை பிடித்த துணைகள், ஒருவரைவிட்டு ஒருவர் விலக முடியாத மனிதர்கள்: ‘நேக்கட் ஸ்பர்’ரின் அதே விதை. மான் அதை ஒன்றரை மணி நேரத்தில் முடித்தார். இவர் 70 மில்லிமீட்டரில் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு, கடைசியில் யாருக்காகவும் நம்மை வருந்தவிடாமல் எல்லோரையும் சாகடிக்கிறார்.

வாரிசு வேறு இடத்திலிருந்து வந்தார். கெல்லி ரைக்கார்ட்டின் ‘மீக்ஸ் கட்டாஃப்’ (2010): 1845, ஓரிகன் பாதை, வழிகாட்டியை நம்பித் திசைதப்பிய மூன்று குடும்பங்கள், தீர்ந்துகொண்டே வரும் தண்ணீர். மொழி புரியாத ஒரு செவ்விந்தியனைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அவன் தண்ணீருக்கு அழைத்துப் போகிறானா, சாவுக்கா என்று தெரியாது. பெட்டிக்கர் பார்க்கத் தவறிய மனிதனை ரைக்கார்ட் படத்தின் மையத்தில் நிறுத்துகிறார், அவனைப் புனிதனாக்காமலே. மிஷெல் வில்லியம்ஸின் பாத்திரம் எச்சரிக்கையாக வானத்தை நோக்கிச் சுடும் காட்சி ஒன்று உண்டு. ஒருமுறை சுட்டபின் மருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் இடித்து, மறுபடி தூக்கிச் சுடுவது வரை கேமரா அசையாமல் காத்திருக்கிறது. இதைப் பார்த்து ‘எதுவும் நடக்காத படம்’ என்று சலித்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களில் பலர் லியோனியின் நாயகன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஐந்து நிமிடம் நிற்பதைப் பொறுமையாகப் பார்க்கிறவர்கள். இங்கே ஒரு பெண் அந்த நேரத்தில் ஒரு வேலையைச் செய்து முடிக்கிறாள். கை நடுங்குகிறது, அவசரம் இருக்கிறது, துணைக்கு விசில் மட்டும் இல்லை.